முதல் குடம் யாருக்கு?

தமிழில் 'வரிசை' என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. குழாயடியில் நாம் நிற்பது வரிசை. மணப்பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போவது சீர்வரிசை. பழைய தமிழில் வரிசை என்றால் ஒருவருக்குரிய தகுதி, மதிப்பு. புறநானூற்றின் 121ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் பேசுவது இந்தக் கடைசிப் பொருளில்தான். கொடுப்பது எளிது, வருகிறவர்களில் யாருக்கு என்ன தகுதி என்று அறிவதுதான் கடினம், எல்லோரையும் ஒன்றுபோலப் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார் அவர்.

ஒருமுறை இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "தகுதி பார்த்துக் கொடுக்கறது சரியாம்மா?" பரிசில் கேட்டு வரும் புலவர்களுக்குத் தகுதி பார்க்கலாம், அது கலையைப் பற்றிய விஷயம் என்றேன். "அப்ப தண்ணிக்கு?" என்றாள். அது 2019ஆம் ஆண்டின் கோடை முடிந்து கல்லூரி திறந்திருந்த நேரம். சென்னையில் இருந்த யாருக்கும் அந்தக் கேள்வியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். 2019 ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் வழங்கிவந்த குடிநீர் வாரியம் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. பூசணிக்காய், பூமாலை என்று வரவேற்கத் தக்க காட்சிதான். ஆனால் அந்த ரயில் கொண்டுவந்த தண்ணீர், குறைத்து வழங்கப்பட்ட தண்ணீரிலும் நூற்றில் ஒரு பங்குக்குக் கீழே. மீதிப் பற்றாக்குறையை யார் ஈடுகட்டினார்கள் என்பதே என் கேள்வி.

தட்டுப்பாடு வந்துவிட்டால் ஏதோ ஒரு வரிசை வேண்டியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. மின்சாரத்தில் இது இன்னும் வெளிப்படை. தேவையைவிட உற்பத்தி குறையும்போது மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கத் தொடங்கும். உடனே எங்காவது இணைப்பைத் துண்டித்துப் பளுவைக் குறைக்காவிட்டால் முழுத் தொகுப்பும் சரிந்துவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் அப்படித்தான் சரிந்தது. இரண்டாம் நாளில் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் இருளில் கிடந்தன. ஆகவே மின்வெட்டு என்பது யாரோ ஒரு பொறியாளரின் இரக்கமின்மை அல்ல. வெட்டித்தான் ஆகவேண்டும். யாரை முதலில், எதைக் காரணமாகக் காட்டி என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அறம் தொடங்கும் இடமும் அதுவே.

அப்படியென்றால் இப்போது நடப்பிலிருக்கும் வரிசை எது?

தண்ணீருக்கு எழுதிவைத்த வரிசை உண்டு. 1987இன் தேசிய நீர்க்கொள்கை முதலில் குடிநீர், அடுத்து பாசனம், அதன்பின் நீர்மின்சாரம், கப்பல் போக்குவரத்து, தொழில் என்று அடுக்கியது. 2002இன் கொள்கை நடுவே சுற்றுச்சூழலைச் சேர்த்து, தொழிலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தியது. குடிநீர் மட்டும் முதலிடத்திலிருந்து இறங்கவே இல்லை. படிக்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 'குடிநீர்' என்று ஒரே சொல்லில் சொல்லப்படுவது எல்லோருக்கும் ஒரே அளவா? மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டைத் திறந்தால் வேறொரு வரிசை தெரிகிறது. குழாய் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். பெருநகரம் என்றால் 150. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர் என்றால் 70. தெருக்குழாயில் பிடிப்பவருக்கு 40.

இந்த நாற்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தெருக்குழாயை நம்பியிருப்பவருக்குத் தாகம் குறைவா? அவர் வீட்டில் துவைக்க வேண்டிய துணி குறைவா? தூரத்திலிருந்து தூக்கி வருவதால் குறைவாகத்தான் செலவழிப்பார்கள் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. அதாவது, தூக்குகிற உடலின் களைப்பையே தேவையின் அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்றில் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 13, 14 குடங்கள். ஒவ்வொன்றும் 15 கிலோ. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்றாலும் ஏழு நடை. சுமந்த எடை மொத்தம் 200 கிலோ. சம்ப்பும் மோட்டாரும் உள்ள வீட்டில் 675 லிட்டர் தானாக மாடியேறுகிறது. இரண்டு வீடுகளும் கோப்பில் 'வீட்டு உபயோகம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் இருக்கின்றன.

மின்சாரத்தின் வரிசை வேறுவிதமானது. துணைமின் நிலையத்திலிருந்து பல மின்பாதைகள் பிரிந்து போகும். ஃபீடர் என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். வெட்டு விழுவது ஃபீடருக்கு. பெரிய மருத்துவமனை இருக்கும் ஃபீடரையோ அரசு அலுவலகங்கள் இருக்கும் ஃபீடரையோ கூடியவரை தொடமாட்டார்கள். அதே ஃபீடரில் இருக்கும் துணிக்கடையும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும். இரண்டு தெரு தள்ளி, வேறொரு ஃபீடரில், வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருக்கும் முதியவருக்கு விதிவிலக்கு இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் இல்லை. கம்பிக்குக் கட்டடம் தெரியும், ஆள் தெரியாது.

ஊர்களுக்கிடையிலும் வரிசை உண்டு. 2012இல் தமிழகத்தின் மின் பற்றாக்குறை ஏறத்தாழ 4,000 மெகாவாட் என்று பேசப்பட்ட நாட்களில் சென்னைக்கு ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று அறிவிக்கப்பட்ட வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டியது. நான் அப்போது மேற்கு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருந்தேன். இரவில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். கரண்ட் போனதும் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பனையோலை விசிறியின் சத்தம் கேட்கும். குழந்தைக்கு விசிறும் கை பெரும்பாலும் ஒரு பெண்ணுடையதாகவே இருந்தது. இன்வெர்ட்டர் வாங்க முடியாத வீட்டில் அந்தக் கைதான் இன்வெர்ட்டர்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2011இல், விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை மாநில அரசு தொடங்கியிருந்தது. அதைக் கேலி பேசியவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தேய்ந்த மணிக்கட்டுகளை அறிந்த யாரும் பேசமாட்டார்கள். ஆனால் அந்தக் கருவிகள் வீடு வந்து சேர்ந்த காலமும் மின்சாரம் இல்லாத காலமும் ஒன்றாக அமைந்தன. ஊறவைத்த அரிசி கரண்டுக்காகக் காத்திருந்தது. கரண்ட் வருவது அதிகாலை மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு எழுந்து மாவாட்டினார்கள். மோட்டார் போட வேண்டுமானாலும் அதே நேரம்தான். சில நாட்களில் நகராட்சித் தண்ணீர் வரும் வேளையும் கரண்ட் இருக்கும் வேளையும் ஒத்துப்போகாது. ஒரு வாரியத்தின் அட்டவணைக்கும் இன்னோர் அலுவலகத்தின் அட்டவணைக்கும் இடையிலான பொருத்தமின்மையைப் பெண்கள் தங்கள் தூக்கத்தைக் கொண்டு அடைத்தார்கள்.

என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மின்வாரியமோ குடிநீர் வாரியமோ முன்னுரிமைப் பட்டியல் போடும்போது வீட்டைப் பின்னுக்குத் தள்ளுவதாகவே எனக்குத் தெரிகிறது. அதற்கு அடியில் இருக்கும் எண்ணம், வீடு சமாளித்துக்கொள்ளும் என்பது. தொழிற்சாலை நின்றால் இத்தனை கோடி நட்டம் என்று எழுதிக் காட்டலாம். மருத்துவமனை நின்றால் உயிர் போகும். வீடு நின்றால் என்ன ஆகும்? வீடு நிற்பதில்லை. சாப்பாடு எட்டு மணிக்குப் பதில் ஒன்பதுக்குத் தயாராகும். துணி நாளைக்குத் துவைக்கப்படும். குளியல் அரை வாளியில் முடியும். வீடு ரப்பர் போல நீளும் என்று நம்புகிறார்கள். நீள்வது வீடல்ல, வீட்டிலிருக்கும் பெண்ணின் நாள். ஊதியமில்லாத அந்த உழைப்பு எந்தத் தாளிலும் பதிவாகாததால் தட்டுப்பாட்டின் விலை குறைவாகவே கணக்கிடப்படுகிறது. நான்கு ஏரிகள் வற்றியபோது நகரம் பயன்படுத்திய ஐந்தாவது ஏரி அது.

அந்த ஏரியின் ஆழத்தைக் காட்ட ஓர் எண் இருக்கிறது. சென்னை வறண்டுகிடந்த அதே 2019இல் மத்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். அப்படி ஈடுபடும் ஆண்களே நால்வரில் ஒருவர்தான். இது எல்லா நாட்களுக்குமான சராசரி. லாரிக்காகக் காத்திருந்த சென்னைப் பெண்ணின் கோடைநாளை இதன்மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும். என் மாணவிகளில் சிலர் அந்த ஜூனிலும் ஜூலையிலும் முதல் பாடவேளைக்கு வருவதில்லை. ஒருத்தியின் தெருவுக்கு லாரி வருவது இரவு ஒன்றா, விடிகாலை ஐந்தா என்று யாருக்கும் தெரியாது. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். அண்ணன் தூங்க வேண்டும், ஏனென்றால் அவன் 'வேலைக்குப் போகிறவன்'. எனவே குடங்களுக்குப் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருப்பாள். மாதவிடாய் நாட்களில் கல்லூரிக் கழிவறையில் தண்ணீர் இருக்காது என்பதால் விடுப்பு எடுத்தவர்களும் உண்டு. அதை யாரும் காரணமாக எழுதித் தரவில்லை. தலைவலி, காய்ச்சல் என்றே எழுதினார்கள்.

"தூக்குவது பெண் என்பது குடும்பத்தின் வழக்கம், அதற்கு வாரியம் என்ன செய்யும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சீர்வரிசையில் பெண்ணோடு பித்தளைக் குடத்தையும் சேர்த்து அனுப்பும் சமூகம் நம்முடையது. அந்தக் குடம் யார் இடுப்புக்கு என்பதில் திருமண நாளன்றே யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வாரியம் அந்த வழக்கத்துக்கு வெளியே நிற்கவில்லை. நாற்பது லிட்டர் என்று எழுதும்போதும், லாரி வரும் நேரத்தைச் சொல்லாமல் விடும்போதும், யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார், விழித்திருப்பார், தூக்குவார் என்ற எதிர்பார்ப்பைத் திட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஜோன் டிரான்டோ இதைச் சலுகை பெற்றோரின் பொறுப்பின்மை என்று பெயரிட்டுப் பேசுகிறார். பராமரிப்பு வேலையைப் பிறர் செய்துவிடுவதால், அப்படி ஒரு வேலை இருப்பதையே அறியாமல் இருக்க முடிகிற வசதி அது. நிறுவனங்களுக்கும் அந்த வசதி உண்டு.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வெட்டி வீட்டுக்குக் கொடுத்தால் பெண்களுக்கு நல்லதா? 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 40 சதவீதம் வரை வெட்டு இருந்தது. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும், கோவையின் சிறு பட்டறைகளிலும், விசைத்தறிகளிலும் வேலை குறைந்தது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்குக் கரண்ட் இல்லாத மணி நேரம் கூலி இல்லாத மணி நேரம். அவளுக்கு வீட்டில் ஃபேன் ஓடுவதா, தையல் இயந்திரம் ஓடுவதா என்று கேட்டால் இயந்திரத்தைத்தான் சொல்வாள். தண்ணீரிலும் இதே சிக்கல் உண்டு. சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயக் கிணறுகளின் தண்ணீர் லாரிகளில் நகரத்துக்கு விற்கப்படுகிறது. கிணற்றுக்காரருக்குப் பணம் வருகிறது. அந்த நிலத்தில் நடவும் களையெடுப்பும் செய்த நிலமற்ற பெண்ணுக்கு வேலை போகிறது. நகரத்துப் பெண்ணின் குடம் நிறையும்போது கிராமத்துப் பெண்ணின் நாட்கூலி வற்றுகிறது. 'பெண்களுக்கு முன்னுரிமை' என்று ஒற்றை வரியில் எழுதிவிட முடியாததன் காரணம் இது. சம்ப், மோட்டார், இன்வெர்ட்டர், கேன் தண்ணீர் எல்லாம் உள்ள பேராசிரியர் வீட்டுப் பெண்ணான நானும் பெண்தான். எனக்கும் தெருக்குழாய்ப் பெண்ணுக்கும் ஒரே இடம் கொடுக்கும் பட்டியல் நியாயமானது ஆகாது.

அதனால்தான், யார் முக்கியமானவர் என்ற கேள்வியை விட்டுவிடச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் நெடுங்காலம் சாதிதான் விடை சொல்லிவந்தது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தியது, தகுதி பார்த்துத் தண்ணீர் தரும் அந்த வரிசையை உடைப்பதற்காகத்தான். தகுதி என்ற சொல் தண்ணீருக்கு அருகில் வரும்போதெல்லாம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இன்று அது 'பொருளாதார முக்கியத்துவம்' என்ற பெயரிலும் வரும்.

அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளை வைக்கலாம். மருத்துவமனைக்கு முதலிடம் என்றதும் நாம் எல்லோரும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்? அறுவை சிகிச்சையைப் பாதியில் தள்ளிப்போட முடியாது. அந்தச் சுமையை நோயாளி வேறு யாருக்கும் மாற்றிவிடவும் முடியாது. தள்ளிப்போட முடியுமா, பிறர் தலையில் இறக்கிவைக்க முடியுமா என்பவையே அந்த இரு கேள்விகள். இவற்றைப் பட்டியலில் இருக்கும் எல்லோரிடமும் கேட்போம். தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லும் நிறுவனம், தன் தண்ணீர்ச் செலவை அந்த வீடுகளுக்கு மாற்றிவிடுகிறது. 2019 கோடையில் சென்னையில் அது நடந்தது. ஜெனரேட்டர் உள்ள கடை டீசல் செலவை விலையில் ஏற்றிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு லாரி வாங்கும். இப்படி ஒவ்வொருவரும் கைமாற்றிக்கொண்டே வரும் சுமை, இனி மாற்றிவிட ஆளில்லாத ஒருத்தியிடம் வந்து நிற்கிறது. வரிசையை அவளிடமிருந்து தொடங்க வேண்டும். துறைகளின் பெயர்களைக் கொண்டு தொடங்கினால் அவள் என்றைக்கும் கண்ணில் படமாட்டாள்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? முதலாவது, வரிசைக்கு முன்பே ஓர் அடித்தளம் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் 2018 பிப்ரவரி 1 முதல் எல்லோருக்கும் நாளொன்றுக்கு ஒருவருக்கு 50 லிட்டர்தான் என்று உச்சவரம்பு வைத்தது. குழாய்களை மூடும் 'டே ஜீரோ' வந்தால் சுமார் 200 இடங்களில் வரிசையில் நின்று 25 லிட்டர் வாங்க வேண்டும் என்றும் அறிவித்தது. அந்த நாள் வராமலே தவிர்க்கப்பட்டது. வரப்போகும் அந்த வரிசையை நினைத்து வசதியான பகுதிகள் அஞ்சிக்கொண்டிருந்தபோது, குடிசைப் பகுதிகளின் மக்கள் ஏற்கனவே பொதுக்குழாய் வரிசையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரிடமும் கற்க ஒன்று உண்டு. கீழே இருப்பவரின் நாற்பதைக் குறைப்பதற்கு முன் மேலே இருப்பவரின் நூற்றைம்பதுக்கு வரம்பு வைக்க முடியும்.

இரண்டாவது, நேரத்தைச் சொல்ல வேண்டும். கூடுதலாக ஒரு யூனிட்டோ ஒரு லிட்டரோ இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். ஐந்து மணிக்கு லாரி என்று சொல்லி ஐந்து மணிக்கு வந்தால் ஒரு பெண்ணுக்கு இரவு முழுவதும் திரும்பக் கிடைக்கிறது. சொல்லாத வெட்டும் சொன்ன வெட்டும் மெகாவாட் கணக்கில் ஒன்றுதான், வாழ்க்கைக் கணக்கில் ஒன்றல்ல. மூன்றாவது, காத்திருந்த மணிகளும் சுமந்த கிலோக்களும் வாரியத்தின் கணக்கில் செலவாக எழுதப்பட வேண்டும். எழுதாத செலவைக் குறைக்க யாரும் முயல்வதில்லை. நான்காவது, பட்டியல் போடும் மேசையில் பெண்கள் வேண்டும். என்னைப் போன்றவர்கள் மட்டும் போதாது. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குக் காற்று வரும், எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்தவர்கள் வேண்டும்.

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தண்ணீருக்கும் வரிசை அறியத்தான் வேண்டும் என்று இப்போது சொல்வேன். கபிலர் சொன்னதுபோல் அறிவதுதான் கடினம். ஆனால் அறிய வேண்டியது வாங்குகிறவரின் பெருமையை அல்ல. இன்றைக்குக் கிடைக்காவிட்டால் அந்தக் குறை யார் உடம்பில் போய் இறங்கும் என்பதை. 'அத்தியாவசியச் சேவைகளுக்குப் பாதிப்பு இருக்காது' என்று அடுத்த கோடையில் ஓர் அறிவிப்பு வரும். அதைப் படிக்கும்போது, வீட்டில் விடிகாலை மூன்று மணிக்கு நடக்கும் சேவை அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வாரியத்திடம் கேட்பதற்கு முன், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் அண்ணனை எழுப்பிக் கேட்டாலும் சரி.